கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று

(குழந்தைகளிடம் சாதியைப் பற்றிப் பேசுவது குறித்துப் பெற்றோரும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘குழந்தைகளிடம் சாதியைப் பற்றி எப்படிப் பேசுவது’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஆனால் நான் பெரும்பாலும் பேஸ்பாலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏற்பாட்டாளர்கள் பயப்பட வேண்டாம். சுற்றி வளைத்தாலும் தலைப்புக்கே வந்து சேர்ந்துவிடுவேன்.

இந்தத் தலைப்பை எடுத்தாலே பெற்றோர்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, “பிஞ்சு மனசு, அதுல எதுக்கு இதையெல்லாம் விதைக்கணும்?” இதை அதிகம் சொல்வது சாதியால் எதையும் இழக்காத வீடுகள். இரண்டாவது, “நாங்க பட்டது எங்களோட போகட்டும், பிள்ளைங்க அதைச் சுமக்க வேண்டாம்.” இதைச் சொல்வது பட்டவர்கள். முதல் பதிலில் இருப்பது வசதி, இரண்டாவதில் இருப்பது வலி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் இரண்டு வீடுகளிலும் பிள்ளைகள் எதுவும் தெரியாமல்தான் வளர்கிறார்கள். பிறகு பள்ளிக்கூடத்திலோ, கல்லூரி விடுதியிலோ, கல்யாணப் பேச்சிலோ யாரோ ஒருவர் அதை மிக மோசமான முறையில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்.

அவமானத்தை மறைக்கவும் கூடாது. அவமானப்படுத்தப்பட்டவர்களைப் பாவப்பட்ட ஜீவன்களாகக் காட்டவும் கூடாது. இப்படி ஒரு குழந்தைக்கு வரலாற்றைச் சொல்ல முடியுமா? முடியும் என்று எனக்குக் காட்டிய இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில், பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் அருங்காட்சியகம். தம்பி குடும்பத்தைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது பதினொரு வயது மகளையும் எட்டு வயதான தம்பி மகனையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்கு பேஸ்பால் தெரியாது. தம்பி மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுகிறவன். ஒருத்திக்கு ஆட்டம் தெரியாது, இன்னொருவனுக்கு நம் ஊர் தெரியாது. இவர்கள் இரண்டு பேரும்தான் அன்று எனக்கு வாத்தியார்கள்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே தம்பி மகன் நின்றுவிட்டான். “அத்தை, இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க.” சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இன்று கறுப்பின மக்களை அந்தச் சொல்லால் யாரும் குறிப்பிடுவதில்லை. ஆனால் 1920இல் தங்களுக்கென்று ஒரு லீக்கை உருவாக்கியவர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். அது வரலாற்றுப் பெயர் என்பதால் அருங்காட்சியகம் அதை மாற்றாமல் வைத்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களை என்ன பெயரில் அழைத்துக்கொள்வது என்பதே ஒரு போராட்டம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எம்.சி.ராஜா போன்றவர்களின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசாணையில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் ஏறியது நம் வரலாறு. இதை எட்டு வயதுப் பையனுக்குச் சொன்னேன். “அப்போ அவங்க பேரை அவங்களே வெச்சுக்கணும், மத்தவங்க வைக்கக் கூடாது, கரெக்ட்டா?” என்றான். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. நாம்தான் குழந்தைக்குப் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

உள்ளே போனதும் ஒரு பேஸ்பால் மைதானம் தெரிகிறது. அதில் ஆளுயர வெண்கலச் சிலைகள் அவரவர் இடத்தில் நிற்கின்றன. பந்தெறியும் இடத்தில் சாட்செல் பெய்ஜ். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் ஜோஷ் கிப்சன். மட்டையோடு நிற்பவர் கியூபாவைச் சேர்ந்த மார்ட்டின் டிஹிகோ. பார்த்ததும் பிள்ளைகள் ஓடினார்கள். ஓட முடியாது. கோழிக்கூண்டுக்கு அடிப்போமே, அந்த மாதிரி கம்பி வலை நடுவில் இருக்கிறது. அந்த வலைக்கு இந்தப் பக்கம் நின்று மைதானத்தைப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது. கூடத்தைச் சுற்றிவந்து, முழு வரலாற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் மைதானத்துக்குள் நுழைய வழி. கறுப்பினத்தவர் பார்வையாளர் பகுதியில்கூடப் பிரிக்கப்பட்டு உட்கார வைக்கப்பட்ட காலத்தை நினைவூட்டத்தான் அந்த வலை.

பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது. “காசு குடுத்துத்தானே வந்தோம், ஏன் விட மாட்டேங்கறாங்க?” இந்தக் கோபத்தை எந்தப் பாடப்புத்தகத்தாலும் கொடுக்க முடியாது. ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் பாடம் எடுப்பதைவிட, அந்த வலைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பது போதும்.

அப்போதுதான் மகள் கேட்டாள். “அம்மா, நம்ம ஊர்ல அம்பேத்கர் சிலைக்கும் இப்படித்தானே கம்பி அடிச்சிருக்காங்க?”

தம்பி மகனுக்கு அது தெரியாது. சிலைக்கு எதற்குக் கூண்டு என்று புரியவில்லை. “ஏன், அவர் என்ன தப்பு செஞ்சாரு?” என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்து கம்பிக்குள் இருப்பவர்கள் தப்பு செய்தவர்கள். மகள்தான் பதில் சொன்னாள். “அவர் ஒண்ணும் செய்யல. அவரை உடைக்க வர்றவங்களுக்காகப் பூட்டி வெச்சிருக்காங்க.” “அப்போ உடைக்கிறவங்களைத்தானே பூட்டணும்?” என்றான் அவன். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், எழுதி அனுப்புகிறேன்.

தோழர்களே, இனி வரலாற்றுக்கு வருகிறேன். கறுப்பின வீரர்கள் பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் எப்போதுமே விளையாடவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். விளையாடினார்கள். 1884இல் டொலிடோ அணியின் கேட்சராக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் ஒரு பெரிய லீக்கிலேயே ஆடினார். அவருக்கு எதிராக ஆட மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர் அன்றைய பெரும் நட்சத்திரமான கேப் ஆன்சன். 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக்கின் உரிமையாளர்கள், இனிக் கறுப்பின வீரர்களுக்குப் புதிதாக ஒப்பந்தம் தருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டன. சாத்திய கதவு 1947 வரை திறக்கவில்லை.

நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். பெரிய லீக்குகளின் விதிப் புத்தகத்தில் ‘கறுப்பினத்தவர் ஆடக் கூடாது’ என்று ஒரு வரிகூடக் கிடையாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கனவான்கள் ஒப்பந்தம்’. பெயரைப் பாருங்கள், செய்வது தீண்டாமை, பெயர் கனவான்! 1920 முதல் 1944இல் சாகும்வரை பேஸ்பாலின் ஆணையராக இருந்த நீதிபதி கெனசா மவுண்டன் லேண்டிஸ், கறுப்பின வீரர்களைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்று 1942இல் பகிரங்கமாக அறிவித்தார். விதி இல்லை, ஆனால் அவர் பதவியில் இருந்த காலம் முழுவதும் ஒரு கறுப்பின வீரர்கூடப் பெரிய லீக்கில் இல்லை.

நம் ஊர் டீக்கடையில் தனிக்குவளை என்று பலகை எழுதி மாட்டியிருந்தார்களா? வாடகைக்கு வீடு தேடிப் போகும்போது சாதி கேட்போம் என்று வாசலில் எழுதியிருக்கிறதா? எழுதாமல் இருப்பதுதான் அதன் பலம். எழுதியிருந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம், கிழித்துப் போடலாம். எழுதாத விதியை முதலில் இருக்கிறது என்று நிரூபிக்கவே ஒரு தலைமுறை போராட வேண்டும். அமெரிக்காவிலேயே இன்று இது நடக்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதே மாதிரியான மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி ஆளுநர் நிராகரித்தார். இங்கே சாதியே இல்லை என்று அந்த மசோதாவை எதிர்த்து நின்றவர்களில் நம் நாட்டிலிருந்து போனவர்கள் நிறைய. லேண்டிஸ் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கதவு சாத்தப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் பிள்ளைகளின் முகம் மாறியது. அருங்காட்சியகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பசேயோ ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் இருக்கிறது. செங்கல் கட்டடம், 1914இல் கட்டியது. 1920 பிப்ரவரி 13 அன்று அங்கேதான் ரூப் ஃபாஸ்டர் அணி உரிமையாளர்களைக் கூட்டினார். தானே பெரிய பந்தெறி வீரர், சிகாகோ அமெரிக்கன் ஜயண்ட்ஸ் அணியின் உரிமையாளர். எட்டு அணிகளோடு நீக்ரோ நேஷனல் லீக் அங்கே பிறந்தது. உள்ளே விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நிற்காமல் தங்களுக்கென்று ஒரு மைதானத்தையே உண்டாக்கிக்கொண்டார்கள். நம் முன்னோர்கள் பள்ளிகளும் பத்திரிகைகளும் சங்கங்களும் தொடங்கினார்களே, அதே சுயமரியாதை.

அது ஏனோதானோ லீக்கும் இல்லை. கேன்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணி 1930லேயே லாரிகளில் விளக்குக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவு ஆட்டம் ஆடியது. பெரிய லீக்கில் முதல் இரவு ஆட்டம் நடந்தது 1935இல்தான். 1933 முதல் சிகாகோவில் ஆண்டுதோறும் நடந்த கிழக்கு-மேற்கு நட்சத்திர ஆட்டத்தைப் பார்க்க 1943இல் 50,000க்கும் மேற்பட்ட மக்கள் திரண்டார்கள். மொனார்க்ஸ் அணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் தேவாலயத்தில் ஆராதனையை ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டு, அதே நல்ல உடுப்போடு மக்கள் மைதானத்துக்குப் போவார்களாம். நம் ஊரில் திருவிழாவுக்குப் போவது மாதிரி. அந்தப் படங்களில் இருக்கும் தொப்பியையும் கவுனையும் பார்த்து மகள், “இவங்க எல்லாம் கஷ்டப்பட்டாங்கன்னு சொன்னீங்க, எவ்ளோ ஸ்டைலா இருக்காங்க!” என்றாள். இதுதான் நான் சொல்ல வந்தது. கஷ்டப்பட்டார்கள், ஸ்டைலாகவும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு என்றதும் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு சிரிப்பையும் அழகையும் திறமையையும் விட்டுவிடுவதும் ஒரு திருட்டுதான்.

அடுத்து பெட்ரோல் பங்க் கதை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆட்டக்காரர்கள் பேருந்திலேயே நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்தார்கள். பல ஊர்களில் விடுதியில் இடம் தர மாட்டார்கள், உணவகத்தில் உட்கார விட மாட்டார்கள். பேருந்திலேயே தூக்கம், பேருந்திலேயே சாப்பாடு. மொனார்க்ஸ் அணியின் பக் ஓ’நீல் பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. ஓக்லஹோமாவில் வழக்கமாக அவர்கள் நிறுத்தும் ஒரு பெட்ரோல் பங்க். பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம், கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது. 1945இல் அணிக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞர் இறங்கிக் கழிப்பறைப் பக்கம் போனார். பங்க்காரர் தடுத்தார். “அப்படியானால் குழாயை எடுத்துவிடு” என்றார் இளைஞர். பெரிய பேருந்து, அவ்வளவு பெட்ரோலை அன்று அவரிடம் வேறு யாரும் வாங்கப்போவதில்லை. பங்க்காரர் யோசித்தார், சரி போய்க்கொள் என்றார். அன்றிலிருந்து, கழிப்பறை இல்லையென்றால் பெட்ரோலும் இல்லை என்பது அணியின் வழக்கமாயிற்று.

அந்த இளைஞர் ஜாக்கி ராபின்சன். அதற்கு முந்தைய ஆண்டு ராணுவத்தில் இருந்தபோது, பேருந்தின் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னதை மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். ‘எங்கே காசு கொடுக்கிறோமோ அங்கே மரியாதையும் கேட்போம்’ என்ற அரசியலை எட்டு வயதுப் பையன் நொடியில் பிடித்துக்கொண்டான்.

பெண்களுக்கும் அங்கே இடம் உண்டு. 1953இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணியிலும் அடுத்த ஆண்டு மொனார்க்ஸ் அணியிலும் ஆண்களோடு ஆடிய டோனி ஸ்டோன். மேமி ஜான்சன், கோனி மார்கன். நியூயார்க் ஈகிள்ஸ் இல்லை, நியூவார்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லி. இந்த எஃபா மேன்லி 1939இல் தன் அணியின் ஆட்டத்தையே கும்பல் கொலைகளுக்கு எதிரான நாளாக நடத்தினார். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று இன்று அறிவுரை சொல்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டிலிருந்து ஒரு இனத்தையே வெளியே நிறுத்தியபோது கலந்ததெல்லாம் அரசியல் இல்லையாம், கொல்லாதே என்று சொல்வதுதான் அரசியலாம்.

இனி 1947க்கு வருவோம். ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். இன்று ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெரிய லீக்கின் எல்லா ஆட்டக்காரர்களும் அவருடைய 42ஆம் எண்ணை அணிகிறார்கள். ஏப்ரல் 14க்கு அடுத்த நாள் என்பதால் எங்கள் வீட்டில் இனி யாருக்கும் மறக்காது.

பள்ளியில் இந்தக் கதை இங்கே முடிகிறது. தடை உடைந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், சுபம். அருங்காட்சியகத்தில் இங்கேதான் கதை சிக்கலாகிறது. ராபின்சனை எடுத்துக்கொண்ட டாட்ஜர்ஸ் நிர்வாகம் மொனார்க்ஸ் அணிக்கு ஒரு டாலர்கூட இழப்பீடு தரவில்லை. உங்களுடையதெல்லாம் ஒரு லீக்கா என்ற மனப்பான்மை. எஃபா மேன்லி விடவில்லை. எங்கள் வீரரை எடுத்தால் விலை கொடு என்று கேட்டார். லாரி டோபியை எடுத்த கிளீவ்லாந்து அணியிடம் பணமும் பெற்றார். ஆனாலும் ரசிகர்கள் போனார்கள், வருமானம் போயிற்று. 1948 பருவத்தோடு நீக்ரோ நேஷனல் லீக் முடிந்தது. மிச்சமிருந்த நீக்ரோ அமெரிக்கன் லீக்கும் 1960களின் தொடக்கத்தில் மறைந்தது.

கதவு திறந்தது உண்மைதான், ஆனால் எவ்வளவு திறந்தது? பெரிய லீக்கின் கடைசி அணியாக பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஒரு கறுப்பின வீரரைக் களமிறக்கியது 1959இல். முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975இல். ஜாக்கி ராபின்சனுக்குப் பிறகு 28 ஆண்டுகள். நீக்ரோ லீக்கில் மேலாளர்கள், உரிமையாளர்கள், நடுவர்கள் எல்லாரும் இருந்தார்கள். பெரிய லீக் ஆட்டக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டது, முடிவெடுக்கும் நாற்காலியைத் தரவில்லை. உழைப்பு வேண்டும், திறமை வேண்டும், அதிகாரத்தில் மட்டும் பங்கு இல்லை. பிரதிநிதித்துவம் என்று நாம் கேட்பது எதற்காக என்று இளைஞர்களுக்கு இதைவிட எளிதாக விளக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜோஷ் கிப்சன் அந்த ஏப்ரலைப் பார்க்கவில்லை. 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் இறந்துபோனார். மூன்று மாதம்கூட இல்லை. அவருடைய கல்லறையில் 1975 வரை பெயர்க்கல் இல்லை. மகள் அவருடைய சிலையையே பார்த்துக்கொண்டு, “யாராவது மூணு மாசம் முன்னாடி தொறந்திருக்கலாம்ல?” என்றாள். மூன்று மாதம் இல்லை கண்ணு, அறுபது வருஷம் முன்னாடியே திறந்திருக்கலாம், சாத்தாமலே இருந்திருக்கலாம் என்றேன்.

பேஸ்பாலின் பெரிய மனிதர்களுக்கான புகழ்க்கூடம் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1966இல் அங்கே கௌரவிக்கப்பட்ட வெள்ளை வீரர் டெட் வில்லியம்ஸ், தன் ஏற்புரையில் சாட்செல் பெய்ஜும் ஜோஷ் கிப்சனும் இங்கே இருக்க வேண்டும் என்று சொன்னார். தனக்குக் கிடைத்த மேடையை வெளியே நிற்பவர்களுக்காகப் பயன்படுத்தினார். ஆதிக்க சாதியில் பிறந்து, நான் என்ன செய்யலாம் என்று கேட்கும் தோழர்களுக்கு இதைச் சொல்கிறேன். கண்ணீர் வடிக்க வேண்டாம், மைக் கையில் இருக்கும்போது பேசுங்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1971இல் பெய்ஜைச் சேர்த்தார்கள். எப்படி? நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தனிப் பகுதி என்றார்கள். புகழ்க்கூடத்திலும் தனிக்குவளை! கடும் எதிர்ப்பு எழுந்தது, பின்வாங்கினார்கள், மற்றவர்களோடு சமமாகவே பெய்ஜ் இடம்பெற்றார்.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகள்தான் என்று மேஜர் லீக் நிர்வாகம் அறிவித்தது. 2024 மே மாதம் அந்தப் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. சேர்ந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? ஒட்டுமொத்த மட்டை சராசரியில் நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்த டை காப் இரண்டாமிடத்துக்குப் போனார். முதலிடம் ஜோஷ் கிப்சனுக்கு. ஆயிரத்துக்கு 372 என்ற கணக்கு. உடனே சிலர், அவர் சிறந்த வெள்ளை வீரர்களோடு மோதவில்லையே என்றார்கள். டை காப் சிறந்த கறுப்பின வீரர்களின் பந்தைச் சந்திக்காமலே எடுத்த சராசரி பற்றி அவர்களுக்குக் கேள்வி எழவில்லை. ‘தகுதி, திறமை’ என்று நம் ஊரில் கூவுகிறவர்களிடம் இந்த ஒரு கேள்வி போதும். பாதிப் பேரை வெளியே பூட்டிவிட்டு ஓடிய பந்தயத்தில் வாங்கிய தங்கத்துக்கு என்ன மதிப்பு?

இந்த இடத்தை உருவாக்க ஓடியாடியவர்களில் முக்கியமானவர் பக் ஓ’நீல். 1990இல் சிறிதாகத் தொடங்கிய அருங்காட்சியகம் 1997இல் இப்போதிருக்கும் கட்டடத்துக்கு வந்தது. 2006இல் நீக்ரோ லீக்கோடு தொடர்புடைய 17 பேரை ஒரே நேரத்தில் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள், எஃபா மேன்லி உட்பட. ஓ’நீலுக்கு ஒரு வாக்கு குறைந்துபோயிற்று. அந்த 17 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. அவர்களுக்காகப் பேச ஆள் வேண்டும், யார் பேசுவது? 94 வயதில் ஓ’நீலே போய் மேடையேறிப் பேசி, கூட்டத்தைக் கைகோத்துப் பாடவும் வைத்தார். அடுத்த சில மாதங்களில் இறந்தார். அவருக்குப் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது 2022இல்.

இதைக் கேட்டதும் தம்பி மகன், “அவருக்குக் கோபமே வரலையா அத்தை?” என்றான். முக்கியமான கேள்வி. ஒடுக்கப்பட்டவர் சிரித்த முகத்தோடு மன்னித்தால் உலகத்துக்குப் பிடிக்கும். அதையே எல்லோரிடமும் எதிர்பார்க்கும், கோபப்படுகிறவரைப் பண்பில்லாதவர் என்று சொல்லும். ஓ’நீலின் பெருந்தன்மை அவர் சொத்து. அதை மற்றவர்களிடம் வரியாக வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதே கூடத்தில் குழாயை எடுக்கச் சொன்ன ராபின்சனும் இருக்கிறார், கணக்குக் கேட்ட எஃபா மேன்லியும் இருக்கிறார். சிரிப்பதும் சரி, முறைப்பதும் சரி, எந்த நேரத்தில் எது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் நிம்மதியடைய முடியாதபடி அங்கே ஒரு பொருள் இருக்கிறது. ராபின்சன் பிறந்த ஊரான ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோவில் வைத்திருந்த நினைவுப் பலகையை 2021இல் யாரோ துப்பாக்கியால் சுட்டுச் சேதப்படுத்தினார்கள். புதுப் பலகை வைத்துவிட்டு, குண்டு பாய்ந்த பலகையை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் ராபின்சனின் வெண்கலச் சிலையைக் கணுக்காலோடு அறுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது இரண்டு காலணிகள். அந்தக் காலணிகளும் இந்த அருங்காட்சியகத்துக்கே வந்தன. லீக் பிறந்த அந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் 2018இல் தண்ணீர்க் குழாயை அறுத்துவிட்டு, கட்டடமே வெள்ளக்காடானது.

குண்டு பட்ட பலகையைத் துடைத்துப் பளபளப்பாக்கி மாட்டவில்லை, ஓட்டையோடு வைத்திருக்கிறார்கள். மகள் அந்த ஓட்டைகளை விரலால் காற்றில் எண்ணினாள். நம் ஊர்களில் தலை துண்டிக்கப்பட்ட அம்பேத்கர் சிலையை இரவோடு இரவாக எடுத்துவிட்டு, விடிவதற்குள் புதுச் சிலை வைத்துப் ‘பதற்றம் தணிந்தது’ என்று செய்தி போடுகிறோம். உடைந்த சிலைகள் எங்கே போகின்றன? ஒன்றையாவது ஒரு கூடத்தில் வைத்து, எந்த ஊர், எந்த நாள், எதனால் என்று எழுதி, நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டாமா?

நம் விளையாட்டிலும் இந்தக் கதை உண்டு. பல்வங்கர் பாலூ என்ற பெயரைக் கிரிக்கெட் பைத்தியங்களான நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தலித் சமூகத்தில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தவர். அவர் கையால் எறிந்த பந்தைத் தொட்ட சக ஆட்டக்காரர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவியை அவருக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. 1923இல்தான் அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு. இதைச் சொன்னபோது பிள்ளைகள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சாதி எவ்வளவு கேவலமானது என்பதோடு எவ்வளவு முட்டாள்தனமானது என்பதும் குழந்தைக்குத்தான் சட்டென்று தெரிகிறது.

கறுப்பின மக்களின் போராட்டத்தையும் நம் போராட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது நான் கண்டுபிடித்ததல்ல. 1873இல் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இனமும் சாதியும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. வேர் வேறு, வரலாறு வேறு. ஆனால் ஒரு மனிதனை வெளியே நிறுத்தும் முறையைப் பார்த்தால் இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். ஒன்று, பிள்ளைகளை இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். கேன்சஸ் சிட்டி போக வேண்டாம், கீழவெண்மணி இருக்கிறது, மேலவளவு இருக்கிறது, வைக்கம் இருக்கிறது. கோயில் குளம் என்று லீவு நாட்களில் அலைகிறோம், ஒரு நாள் அங்கே போகலாம். இரண்டு, எதிர்த்து நின்றவர்களின் பெயரோடு சொல்லுங்கள். “அந்தக் காலத்துல பாவம்” என்று ஆரம்பிக்காதீர்கள், “இவர் ஒருத்தர் இருந்தார் தெரியுமா” என்று ஆரம்பியுங்கள். மூன்று, பிள்ளை கேள்வி கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பக் ஓ’நீலும் அவர் தோழர்களும் அந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது அரசாங்கம் கட்டித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. உங்கள் ஊர்ச் சேரியில் கபடி ஆடியவர், பறையடித்தவர், முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனவர், பொதுக் கிணற்றில் முதலில் வாளியை இறக்கியவர் இன்னும் உயிரோடு இருப்பார். கையில் போன் இருக்கிறது. போய் உட்கார்ந்து பேச வையுங்கள், பதிவு செய்யுங்கள், பெயரையும் தேதியையும் எழுதுங்கள், பழைய படம் இருந்தால் பிரதி எடுங்கள். படிப்பகத்தில் ஒரு சுவர் போதும், அங்கிருந்து தொடங்கலாம். அடுத்த கோடை விடுமுறைக்குள் எத்தனை படிப்பகங்களில் அப்படி ஒரு சுவர் வந்திருக்கிறது என்று நான் கேட்பேன்.